விடுவிக்காமற்போனாலும்

"விசுவாசம் இருந்தால் பயம் வராது" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், வைபர் குரூப்பில் தினமும் விடிந்ததும் யாராவது தள்ளிவிடுகிற வீடியோக்களில் கேட்டிருக்கிறேன், ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டே சொல்லவும் கேட்டிருக்கிறேன். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் யாங்கோனில் உட்கார்ந்துகொண்டு, இந்த நாலைந்து வருடங்களில் கண்டதையெல்லாம் கண்டபிறகு, அந்த வார்த்தை தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. ஏற்கெனவே பயந்துபோயிருக்கிற ஒரு தாயிடம் போய் அதைச் சொன்னால் அவளுக்கு ஒரு பயம் இரண்டாகிறது. மகனுக்கு என்ன ஆகுமோ என்பது முதல் பயம், நான் வைத்திருந்ததே விசுவாசம் இல்லையோ என்பது இரண்டாவது.

எங்களுடையது சின்னத் தமிழ்ச் சபை. ஆராதனை தமிழில் நடக்கும், பிள்ளைகள் வெளியே வந்ததும் பர்மியத்துக்குத் தாவிவிடுவார்கள், ஓய்வுநாள் பள்ளியில் வசனத்தைத் தமிழில் ஒப்பித்துவிட்டு அர்த்தத்தைப் பர்மியத்தில் கேட்பார்கள். பெரியவர்களுடைய பயத்தைத்தான் சொல்ல வந்தேன். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1 அன்று விடிகாலையில் போன் வேலை செய்யாமல் போனது, அன்றையிலிருந்து எதுவும் பழையபடி இல்லை. அந்த ஜூலையில் கொரோனா ஊரையே புரட்டிப் போட்டது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தார்கள், ஆண்களில் 18 முதல் 35 வயது வரை. 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை மதியம் சகாயிங், மண்டலே பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நடுநடுவே அரிசி விலை, எண்ணெய் விலை, எப்போது வரும் என்று தெரியாத கரண்ட். நான் இங்கே அரசியல் எழுத வரவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் ஒருவர் பயப்படுகிறார் என்றால் அவருக்குக் கண்ணும் காதும் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம், விசுவாசம் இல்லை என்று அர்த்தமில்லை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை கொடுப்பது தமிழ்ச் சபைகளில் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள், ஆளுக்கொன்று எடுப்போம், வீட்டுக்கு வந்து காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுவோம். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அட்டையில் அச்சடிக்கிற வசனங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்று 91ஆம் சங்கீதம் வரும். 88ஆம் சங்கீதம் வரவே வராது. அந்தச் சங்கீதத்தில் கடைசி வரிவரை விடிவே கிடையாது, அறிமுகமானவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்று அழுதபடியே முடிந்துவிடுகிறது. அதையும் ஒரு பக்தன் தேவனைப் பார்த்துத்தான் பாடினான், அதையும் நம் முன்னோர்கள் வேதத்திலிருந்து எடுத்துப் போடாமல் வைத்திருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று பிசாசு சொன்னானே, அவன் எடுத்துக்காட்டிய வசனம் இதே 91ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகாது என்பதை விசுவாசம் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பகுதியை இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

அப்புறம் கெத்செமனே. இயேசு அங்கே திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று மாற்கு ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பயம் பாவம் என்றால் இந்த வரியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த ராத்திரியில் அவர் செய்தது இரண்டே காரியம். பிதாவிடம் மனதில் உள்ளதை உள்ளபடி சொன்னார், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். அதற்கு முன்னால் மூன்று சிநேகிதர்களிடம், இங்கே தங்கி என்னோடேகூட விழித்திருங்கள் என்றார். தேவகுமாரனுக்கே பயத்தில் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பாபிலோனில் அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்களும் ராஜாவிடம் சொன்னது எனக்கு வர வர அதிகமாகப் பிடிக்கிறது. எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள், உடனே "விடுவிக்காமற்போனாலும்" என்று சேர்த்துக்கொள்கிறார்கள். இந்த மூன்று பேருக்கும் முடிவு தெரியாது. நமக்குத்தான் அடுத்த பத்தியில் நாலாவது ஆள் சூளைக்குள் உலாவுவது தெரிகிறது.

பர்மாவில் கிறிஸ்தவனாக இருந்துகொண்டு பயத்தையும் பாடுகளையும் பற்றி எழுதினால் ஜட்சனை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் அவரைப் பற்றி இங்கே பாதிக் கதையைத்தான் எப்போதும் சொல்வார்கள், அதனால் மீதிப் பாதியையும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனும் அவருடைய மனைவி ஆனும் 1813 ஜூலை 13ல் ரங்கூனில், அதாவது இதே யாங்கோனில், வந்து இறங்கினார்கள். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுக்க 1819 வரை காத்திருந்தார்கள், அவர் பெயர் மவுங் நவ். 1824ல் ஆங்கிலேயருக்கும் பர்மிய ராஜாவுக்கும் யுத்தம் மூண்டதும், வெள்ளைக்காரன் என்றால் ஒற்றன் என்று ஆவா நகரத்தில் ஜட்சனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். காலில் விலங்கு, ராத்திரியானால் கால்களுக்கு நடுவே மூங்கிலைச் செருகி அதை மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள், தலையும் தோளும் மட்டும் தரையில் கிடக்கும். வெளியே ஆன், வயிற்றில் பிள்ளையோடு, ஒவ்வொரு அதிகாரி வீட்டு வாசலாக நடந்து கெஞ்சினார், சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார், காவலர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தார். புதிய ஏற்பாட்டின் பர்மிய மொழிபெயர்ப்பு அப்போது கையெழுத்துப் பிரதியாகத்தான் இருந்தது. அதை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து சிறைக்குள் கொடுத்தார், யாரும் ஆசைப்படாத அளவுக்கு மோசமான தலையணை. பிறகு கைதிகளை வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது அந்தத் தலையணை தூக்கி எறியப்பட்டது, மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி அதை எடுத்து வீட்டில் வைத்திருந்தார், உள்ளே இருந்த தாள்கள் பிழைத்தன. இவ்வளவும் எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். தலையணை என்றதும் கை தூக்குவார்கள்.

அந்த வேறு இடம் அவுங்பின்லே, இன்றைய மண்டலேக்குப் பக்கம். வெயிலில் வெறுங்காலோடு நடத்திக் கொண்டுபோனார்கள். ஆன் கைக்குழந்தை மரியாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார், அங்கே போய்ப் படுத்த படுக்கையானார், பால் வற்றிவிட்டது. அப்போது ஜட்சன் காவலனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுமதி வாங்கி, விலங்கு போட்ட காலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிராமத்தில் பால் கொடுக்கும் தாய்மார்களைத் தேடித்தேடிப் போனார். எந்தப் புத்தமதத்துப் பெண்களோ, பெயரெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை, அந்த மிஷனரியின் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். ஜட்சன் கதையில் எனக்கு ரொம்பப் பிரியமான இடம் இதுதான். தேவன் அந்தக் குடும்பத்தைத் தாங்கினார் என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம். எப்படித் தாங்கினார் என்று பார்த்தால், அவுங்பின்லேயில் ஏதோ ஒரு குடிசை வாசலில் ஒரு அம்மா, தன் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு அந்நிய தேசத்துப் பிள்ளையை மடியில் வாங்கினாளே, அப்படித்தான் தாங்கினார்.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் சிறை. வெளியே வந்தார், சாட்சி, அல்லேலூயா என்று பெரும்பாலும் இங்கே கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் 1826 அக்டோபரில் ஆன் காய்ச்சலில் இறந்துபோனார், வணிக உடன்படிக்கைப் பேச்சுக்காக ஆவாவுக்குப் போயிருந்த ஜட்சனால் பக்கத்தில்கூட இருக்க முடியவில்லை. ஆறு மாதம் கழித்து மரியாவும் போய்விட்டாள். சிறையில் உடையாத மனிதர் அதற்குப் பிறகு உடைந்தார். மோல்மேனுக்கு அருகே காட்டுக்குள் குடிசை போட்டுத் தனியாக இருந்தார், தனக்கென்று ஒரு குழியை வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 1829ல், ஆன் இறந்த அதே தேதியில் எழுதிய கடிதத்தில், தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் எழுதினார். ஒரு போதகர் இதை இன்று பிரசங்க மேடையில் சொன்னால் நாம் என்ன பேசுவோம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அதற்குப் பிறகு? பளிச்சென்று ஒரு தரிசனமோ அற்புதமோ நடக்கவில்லை. மெதுவாக எழுந்து வந்தார், வேலையைத் தொட்டார், விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்த்தார், ஊர் ஊராகப் போனார். 1834 ஜனவரி 31ல் பர்மிய வேதாகமம் முழுவதையும் முடித்தார். அதைத் திருத்தி 1840ல் வந்த பதிப்பைத்தான் பர்மியச் சபைகள் இன்றும் கையில் வைத்திருக்கின்றன. எங்கள் வீட்டிலும் தமிழ் வேதாகமத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளுக்காக. நம்பிக்கை அறுந்துவிட்டது என்று அவரே நினைத்த அந்த வருடங்களிலும் அது எங்கேயோ அறாமல் இருந்திருக்கிறது. அவர் அதைப் பிடித்திருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பிடிக்கப்பட்டிருந்தார்.

இதை நான் புத்தகத்தில் வாசித்து மட்டும் எழுதவில்லை. 2021 ஜூலையில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவமனைகளில் இடமில்லை, ஆக்சிஜன் நிரப்பும் இடங்களில் வெறும் சிலிண்டரோடு ஜனங்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள், யாங்கோனில் அப்போது இருந்தவர்களுக்குத் தெரியும். எங்களுக்குச் சிலிண்டரே இல்லை. சபையில் ஒரு அண்ணன், சின்னதாக வெல்டிங் கடை வைத்திருந்தவர், எங்கேயோ பிடித்து ஒன்றைக் கொண்டுவந்தார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவரும் எதிர்வீட்டு பர்மியப் பையனும் அதைச் சாக்கில் சுற்றி, ஒவ்வொரு படியாக, மேலே ஒருவர் இழுக்கக் கீழே ஒருவர் தோளால் தாங்கக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ரெகுலேட்டர் மரை சரியாகப் பொருந்தவில்லை, பக்கவாட்டில் உஸ்ஸென்று காற்று கசிந்துகொண்டே இருந்தது. அண்ணன் சோப்பு நுரையைத் தடவித் தடவி எங்கே குமிழ் வருகிறது என்று பார்த்தார், பல் இடுக்கில் டெஃப்லான் டேப்பைக் கடித்து அறுத்துச் சுற்றினார், திரும்ப முடுக்கினார், திரும்ப நுரையைத் தடவினார். குமிழ் நின்றது. அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் குண்டு மேலே எழும்பியதைப் பார்த்துவிட்டு, "ம்மா, ஏறுது பாரு" என்றார். முகக்கவசத்துக்குள்ளேயே ஜெபம் பண்ணினார், ரொம்பச் சின்ன ஜெபம், வேறு யார் வீட்டுக்கோ போக வேண்டியிருந்தது.

அப்பா பிழைக்கவில்லை. ஒரு வாரம் இருந்தார். மற்றவர்கள் வர முடியாத அந்த ஒரு வாரமும் சபையில் யாராவது ஒருவர் முறை வைத்துப் போனில் கூப்பிடுவார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பா தலைமாட்டில் வைப்பேன், அந்தப் பக்கத்திலிருந்து சங்கீதம் வாசிப்பார்கள். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." பேச முடியாத நிலையிலும் அந்த வரி வரும்போது அப்பாவுடைய உதடு அசையும். எனக்குப் பயம் போகவில்லை, ஒரு நிமிடம்கூடப் போகவில்லை, கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு என்னால் அறைக்குள் நிற்க முடிந்தது, துணி மாற்ற முடிந்தது, அவரைத் தனியே விட்டு ஓடாமல் இருக்க முடிந்தது. விசுவாசம் பயத்தை ஜெயிப்பது என்றால் அது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அப்போதிலிருந்து ஒரு தெளிவு. தாவீதுகூட "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்றுதான் பாடுகிறான், பயம் போன மறுநாள் நம்புவேன் என்று பாடவில்லை.

ஆகவே யாராவது என்னிடம் பயமாக இருக்கிறது என்று வந்தால் முதலில் என்ன பயம் என்று பெயர் சொல்லிப் பேசச் சொல்வேன். வாய்விட்டு. மனதுக்குள் ஜெபித்தால் பாதி வழியில் அது கவலையாக மாறிச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்துவிடும், சத்தமாகச் சொன்னால் ஒரு வாக்கியத்துக்கு முடிவு என்று ஒன்று வரும். பாட்டும் அப்படித்தான். கரண்ட் போன நேரத்தில் கீபோர்டும் மைக்கும் இல்லாமல் தாளம் போட்டுக்கொண்டு பழைய கீர்த்தனைகளைப் பாடும்போது மூச்சு தானாகச் சீராகிறது, பக்கத்தில் இருக்கிறவருடைய குரல் நம் குரலைத் தூக்கிக்கொண்டு போகிறது. தனியாக வேதம் வாசிப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் பயம் ஒருவரைத் தனியாகப் பிடித்தால்தான் அடிக்கும். அதனால்தான் புதன்கிழமைக் கூட்டத்தை எந்த நிலையிலும் நிறுத்தக் கூடாது என்று நான் சண்டை போடுவது. ஊரடங்கு நேரம் மாறினால் கூட்டத்தையும் மாற்றிக்கொள்வோம், மதியம் இரண்டு மணிக்கு வைத்தால் என்ன குறைந்துபோகும்?

கத்தோலிக்கச் சொந்தக்காரர்கள் எங்களுக்கு நிறைய. அவர்கள் பிப்ரவரியில் நியாங்லெபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போவதும், வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வதும் இதே காரணத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கச்சின் மாநிலத்துக் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஆன் ரோஸ் நு தாங் 2021 மார்ச் 8 அன்று மிச்சினாவில், போராடுகிறவர்களைச் சுடாதீர்கள் என்று கெஞ்சி, போலீசாருக்கு முன்னால் முழங்காலில் நின்ற படத்தை உலகமே பார்த்தது. போலீசாரில் இருவரும் எதிரே முழங்காலிட்டார்கள். அதற்குப் பிறகும் அன்று அங்கே உயிர்கள் போயின. அவர் கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் அங்கே நின்றது வீண் என்று யாராவது சொல்வார்களா?

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பிள்ளைகள் குற்ற உணர்ச்சியோடு இருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போவது அவிசுவாசம் இல்லை. ஏரோது பிள்ளையைத் தேடுகிறான் என்று சொப்பனத்தில் கேட்டதும் யோசேப்பு விடியட்டும் என்று காத்திருக்கவில்லை, ராத்திரியிலேயே பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். 1941 டிசம்பர் 23ல் ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடுமாக நடந்தே போனார்கள், வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. எங்கள் பாட்டியின் அக்கா அப்படிப் போனவர், பாட்டி இங்கேயே தங்கினார். 1964ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது மறுபடியும் ஒரு கூட்டம் சென்னைக்குக் கப்பல் ஏறியது. போனவர்களும் ஜெபித்துவிட்டுத்தான் போனார்கள், இருந்தவர்களும் ஜெபித்துவிட்டுத்தான் இருந்தார்கள். என் அண்ணன் மகன் 2024ல் தாய்லாந்துக்குப் போகக் கிளம்பியபோது, ஆண்டவர்மேல் நம்பிக்கை வைத்து இங்கேயே இருந்திருக்கலாமே என்று ஒரு பெரியவர் சொன்னார். அண்ணி ஒன்றும் பதில் பேசவில்லை. உள்ளே போய் அவன் பையில் சின்ன வேதாகமத்தைத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார், மேலே வைத்தால் செக்போஸ்ட்டில் கலைப்பார்கள் என்று.

நிலநடுக்கத்தின்போது ரம்ஜான் மாதத்துக் கடைசி வெள்ளி. மண்டலே பக்கம் ஜும்ஆ தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள்மேல் பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. எங்கள் சபையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுத்து அனுப்பினோம், தார்ப்பாய், மருந்து, குடிதண்ணீர் என்று. யாருக்குப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவுங்பின்லே தாய்மாரும் கேட்கவில்லை.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே இருக்கிற அம்மா அப்பாவுக்கு வசன வீடியோ அனுப்புவது போதாது, நெட் இழுக்காமல் அது பாதி நேரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் எந்த முறை வருகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். பணம் வந்ததா, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் வைத்துவிடாதீர்கள். பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள், இருக்கிறது என்று சொன்னால் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு சங்கீதத்தை நீங்களே வாசியுங்கள். தமிழ் வாசிக்க வராவிட்டால் பர்மியத்தில் வாசியுங்கள், அவர்களுக்குப் புரியும்.